கொடையாளியின் கல்ச்சர் அறிக்கை எங்கே போகிறது?

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த இதயத்தை நான்கு, மிஞ்சினால் ஆறு மணித்தியாலங்களுக்குள் இன்னொருவரின் நெஞ்சில் பொருத்தியாக வேண்டும். சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. குளிர்ந்த திரவத்தில் இட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும், இழுத்துப் பிடித்தால் ஒன்றரை நாள். அதே கொடையாளியின் குருதியில் பற்றீரியா இருக்கிறதா என்று பார்க்கும் 'பிளட் கல்ச்சர்' பரிசோதனை, ஏதோ வளர்கிறது என்று சொல்லவே பெரும்பாலும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வளர்ந்தது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற விபரம் வர இரண்டு மூன்று நாட்கள். ஒன்றுமே வளரவில்லை என்று கோப்பை மூட ஐந்து நாட்கள். ஆக, உறுப்பு முதலில் போய்ச் சேருகிறது, அதைப் பற்றிய தகவல் பின்னால் வருகிறது. உறுப்பு மாற்றின் வழியாகப் பற்றீரியா தொற்றுவது பற்றிய மருத்துவப் பதிவுகளைத் தொடர்ந்து படிக்கிற எவருக்கும் இந்த இடைவெளி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். உயிர் போன சம்பவங்கள் பலவற்றில் கிருமியை அடக்க மருந்து இருந்தது. மருந்து கொடுக்க வேண்டியவரிடம் தகவல் இருக்கவில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் நமது கரையோரத்துக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. இங்கிருந்து போய்ச் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு திரும்பும் ஒருவருக்கும், அவருடைய கொடையாளியின் ஆய்வுகூட அறிக்கைக்கும் இடையே மலைநாடு முழுவதும் கிடக்கிறது.

கிருமி வந்து சேரும் வழியில் மர்மம் ஏதுமில்லை. மூளைச்சாவுக் கொடையாளிகளில் பலர் வீதி விபத்தில் தலை அடிபட்டவர்கள், அல்லது மூளைக்குள் குருதி கசிந்தவர்கள். சாவு உறுதியாகும்வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் கிடந்திருப்பார்கள். தொண்டைக்குள் சுவாசக் குழாய், கழுத்து நாளத்தில் ஒரு குழாய், சிறுநீர்ப்பையில் இன்னொன்று என்று அவர்களைச் சுற்றி இருக்கும் ஒவ்வொன்றும் கிளெப்சியெல்லா, அசினெற்றோபக்ரர், சூடோமோனாஸ் போன்ற வைத்தியசாலைக் கிருமிகள் உள்ளே நுழையும் பாதை. ஒரு கிழமை ஐ.சி.யூ.வில் இருந்தவரின் நுரையீரலும் சிறுநீரும் சுத்தமாக இருந்தால்தான் வியப்பு. இனிப் பெறுநரின் பக்கம் பார்ப்போம். வந்த உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க டக்ரோலிமஸ், மைக்கோபினோலேற், பிரெட்னிசோலோன் என்று மூன்று மருந்துகளால் அவருடைய நோயெதிர்ப்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். இவருக்குக் காய்ச்சல்கூட ஒழுங்காகக் காயாது. சாதாரண ஆளுக்கு நூற்றிரண்டு, நூற்றுமூன்று பாகை காய வேண்டிய தொற்று இவருக்கு இலேசான அசதியாக, சாப்பாட்டில் பிடிப்பின்மையாகத் தலைகாட்டும். இதைவிடப் பயங்கரமானது தையல் போட்ட இடத்தில் நடப்பது. புதிய சிறுநீரகத்தின் நாடியை இடுப்புப் பக்கத்து நாடியோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். உறுப்போடு வந்த பற்றீரியா அந்தத் தையலில் குடியேறினால் நாடிச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களிலோ கிழமைகளிலோ திடீரென்று வெடிக்கச் செய்துவிடும். அப்படியானால் சிறுநீரகத்தை எடுத்துவிட நேரிடும். சில வேளை ஆளே போய்விடுவார்.

இவ்வளவையும் வாசித்த ஒருவர் 'தொற்று இருக்கும் கொடையாளியை விலக்கிவிட்டால் போகிறது' என்று சொல்லக்கூடும். நியாயமாகத் தோன்றும் யோசனைதான், ஆனால் சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு 1,775 கொடையாளிகளின் பதிவுகளை அலசியது. அவர்களில் 95 பேருக்கு, உறுப்பு எடுத்த நேரத்தில் குருதியிலேயே பற்றீரியா இருந்திருக்கிறது. அந்த 95 பேரின் உறுப்புகள் 212 பேருக்குப் பொருத்தப்பட்டன. கொடையாளியின் கிருமி தொற்றியதாக ஒருவரிடமும் சான்று கிடைக்கவில்லை. பற்றீரியா மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் உறுப்புகளும் அப்படியே. கிருமி எதுவென்று தெரிந்து, கொடையாளிக்கும் பின்னர் பெறுநருக்கும் தகுந்த மருந்து கொடுத்தால் அவற்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்பது இன்று பல நாடுகளின் வழமை. கொடையாளியின் தொற்று பெறுநருக்குப் பரவுவது, வைரசு முதற்கொண்டு எல்லாக் கிருமிகளையும் சேர்த்தாலும், உறுப்பு மாற்றுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதே பொதுவான கணிப்பு. மறுபக்கத் தராசிலும் ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர் சும்மா காத்திருப்பதில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை டயலிசிஸ் மெஷினோடு கிடக்கிறார். கழுத்தில் போட்ட டயலிசிஸ் குழாய் வழியே குருதிக்குள் கிருமி ஏறிச் செத்துப்போகிறவர்கள் எந்த நாட்டிலும் குறைவில்லை. தொற்றுக்குப் பயந்து உறுப்பை வேண்டாமென்பவர், தொற்று இன்னும் அதிகமாக இருக்கும் இடத்திலேயே நோயாளியை விட்டுவைக்கிறார்.

நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான காரியத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒன்று எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். இத்தாலியின் பலேர்மோ நகரத்து உறுப்பு மாற்று நிலையத்திலிருந்து 2015இல் வந்த ஆய்வை நான் இந்த விவகாரம் முழுவதற்கும் திறவுகோலாகக் கருதுகிறேன். மருந்தை எதிர்க்கும் கிருமிகளில் மிக மோசமான வகை, அதாவது கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமுக்கும் மசியாதவை, 170 கொடையாளிகளில் 18 பேரிடம் இருந்தன. பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அவர்களுடைய உறுப்புகளைப் பெற்றவர்களில் அதிக ஆபத்துக்குரியவர்கள் என்று வகுக்கப்பட்டவர்கள் 14 பேர். அவர்களில் நால்வருக்குத் தொற்று நிச்சயமாகக் கடந்தது. அந்த நால்வரையும் மற்றப் பத்துப் பேரிடமிருந்து பிரித்தது எது? கிருமியின் வீரியமோ நோயாளியின் வயதோ அல்ல. அந்த நால்வர் விடயத்தில் கொடையாளியின் தொற்று கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கிறது, அல்லது குறைத்து மதிக்கப்பட்டிருக்கிறது, அல்லது தெரிந்தும் பெறுநரைப் பார்க்கும் குழுவுக்குச் சொல்லப்படாமல் விட்டிருக்கிறது. ஆகவே மருந்து பிந்தியோ குறைந்த நாட்களுக்கோ பொருத்தமில்லாமலோ போய்ச் சேர்ந்தது. பொருந்திய மருந்தை உடனே ஆரம்பித்துக் குறைந்தது ஏழு நாள் கொடுத்த இடங்களில் தொற்று கடக்கவில்லை. ஐரோப்பாவில், எல்லா வசதியும் உள்ள நிலையத்தில் ஒரு தகவல் கைமாறாமல் போனதன் விலை இது.

தகவலை நம்பியிராமல் எல்லாப் பெறுநருக்கும் ஆரம்பத்திலிருந்தே பலமான மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்கப்படுகிறது. வைத்தியர்களே கேட்பதுண்டு. இதற்குப் பதிலின் ஒரு பகுதி சென்னையிலிருந்து வருகிறது. 2010இல் லான்செற் குழும இதழொன்றில் வெளிவந்து இந்திய அரசாங்கத்தையே கோபப்படுத்திய என்.டி.எம்.-1 ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனெமைச் சிதைக்கும் நொதியைத் தரும் மரபணு நமது பிராந்தியத்தின் வைத்தியசாலைக் கிருமிகளிடம் பரவியிருக்கிறது என்பதை அந்த ஆய்வு உலகத்துக்குச் சொன்னது. பெயரில் இந்தியத் தலைநகரை இழுத்ததால் வந்த சண்டையில் சொல்லப்பட்ட செய்தி கொஞ்சக் காலம் அடிபட்டுப் போனது வேறு கதை. கார்பபெனெம் வகையான மெரோபெனெமை எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பது இப்படிப்பட்ட கிருமிகளையே வளர்க்கும். அதற்கும் மேலே போய்க் கொலிஸ்ரினைக் கையிலெடுத்தால், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. புதிதாகப் பொருத்திய சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக அதன்மேலேயே கொலிஸ்ரினைச் செலுத்துவது எந்த வைத்தியரும் மனமுவந்து செய்கிற காரியமல்ல. எனவே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மருந்து, கல்ச்சர் முடிவு வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கு மட்டுமே. முடிவு வந்ததும் ஒன்றில் நிறுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும், அல்லது நீடிக்க வேண்டும். மூன்றுக்கும் அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

இலங்கையின் நிலை வேறு என்பவர்களுக்கும் ஓரளவு நியாயம் உண்டு. பேராசிரியர் றெஸ்வி ஷெரீப் குழுவினர் 1985இல் இங்கே சிறுநீரக மாற்றைத் தொடக்கியதிலிருந்து, பெரும்பாலான சிறுநீரகங்கள் உயிரோடிருப்பவர்களிடமிருந்து, அதிலும் குடும்பத்தாரிடமிருந்தே வந்திருக்கின்றன. உம்மா மகனுக்குக் கொடுக்கிறார், ராத்தா தம்பிக்குக் கொடுக்கிறார். இவர்கள் ஐ.சி.யூ.வில் கிடந்தவர்களல்லர். நாளும் நேரமும் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சை என்பதால் சிறுநீரைப் பரிசோதித்து, தொற்று இருந்தால் மாற்றி, பிறகு செய்யலாம். ஆனால் மூளைச்சாவுக் கொடையாளிகள் இங்கும் கூடி வருகிறார்கள். 2017 ஜூலையில் கண்டியில் நாட்டின் முதலாவது இதய மாற்று நடந்ததே அப்படி ஒரு கொடையால்தான். அதோடு, உயிரோடிருக்கும் கொடையாளியிடமும் ஐ.சி.யூ. கிருமிக்குப் பதிலாக வேறொரு வகை ஒளிந்திருக்கலாம். பல்லாண்டுகள் சத்தமில்லாமல் உடலில் தங்கி, எதிர்ப்பு தளர்ந்த இடத்தில் எழும்புகிற கிருமிகள் அவை. காசநோய் அதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். கொடையாளிக்கு இருமல்கூட இருந்திராது. பெறுநருக்குச் சில மாதங்களில் காசநோய் வெளிப்படும். அதற்கான சிகிச்சையிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. காசநோயின் முதன்மை மருந்தான றிபாம்பிசின், ஈரலைத் தூண்டி டக்ரோலிமஸை வேகமாகக் கரைத்துவிடும். அளவைக் கூட்டிக் கவனிக்காவிட்டால் காசம் குணமாகும்போது சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டிருக்கும். கொடையாளியின் வீட்டில் எவருக்காவது காசம் இருந்ததா என்ற ஒரு கேள்வியை முன்னதாகவே கேட்டு எழுதிவைத்திருந்தால், பெறுநருக்குத் தடுப்பு மருந்து கொடுத்து இதைத் தவிர்த்திருக்கலாம்.

காசத்தைப் பற்றி உலகம் பேசுகிறது. நமது பக்கத்து மண்ணுக்கே உரிய இன்னொரு கிருமியைப் பற்றிப் பேச்சுக் குறைவு. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிற பேர்க்கோல்டேரியா சூடோமல்லாய் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. 1912இல் ரங்கூனில் அல்பிரட் விற்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இதை முதலில் விபரித்தார்கள். இலங்கையில் முதற் பதிவு 1927இல், கொழும்பில் வாழ்ந்த ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகரிடம். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் அது கிட்டத்தட்ட இல்லாத நோய் போலவே இருந்தது. 2006க்குப் பிறகு கொழும்பு மருத்துவ பீடத்தில் ஆய்வாளர்கள் தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நோயாளர் வெளிப்பட்டார்கள். கிழக்கில் மட்டக்களப்புப் பக்கம் வடகீழ்ப் பருவமழையோடு எண்ணிக்கை ஏறுவதும் தெரியவந்தது. நோய் புதிதாக வரவில்லை, தேடாததால் தெரியாமல் இருந்திருக்கிறது. பெரும்போகத்து வெள்ளாமைக்கு வட்டைக்குள் இறங்கி, வெடித்த குதிகாலோடு சேற்றில் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அதிலும் நீரிழிவு உள்ளவர்கள், நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். சம்மாந்துறை வட்டைகளிலிருந்து கரையோர வீடுகள் வரை நீரிழிவு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால், சிறுநீரகம் வேண்டுபவரும் கொடுக்கும் உறவினரும் ஒரே சேற்றிலிருந்து வருகிறார்கள் என்பது விளங்கும்.

இந்தக் கிருமி இரண்டு வழிகளில் வைத்தியரை ஏமாற்றும். பெரும்பாலானவர்களுக்கு உள்ளே போய் மூன்று கிழமைக்குள் நோய் வெளிப்பட்டுவிடும். சொற்பம் பேரிடம் அது வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதாக ஒரு பதிவு உண்டு. அபூர்வமானதுதான். ஆனாலும் கொடையாளி இன்று நலமாக இருக்கிறார் என்பது முழு உத்தரவாதமாகாது என்று அது காட்டுகிறது. இரண்டாவது ஏமாற்று ஆய்வுகூடத்தில் நடக்கிறது. தட்டில் வளர்ந்ததைப் பார்த்துச் சாதாரண சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ தள்ளிவிடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஜென்ராமைசின் இதன்மேல் வேலை செய்யாது. காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகைகளும் பயனில்லை. செப்ரசிடிமோ மெரோபெனெமோ குறைந்தது பத்து, பதினான்கு நாட்கள் ஊசியாக ஏற்றி, அதன்பின் கோ-ரைமொக்சசோல் குளிசையை மூன்று மாதம் அல்லது அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாமல் இந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. கொழும்பிலோ கண்டியிலோ கொடையாளியை நேர்காணும் வைத்தியருக்கு அவர் கமக்காரர் என்பதும், சென்ற மாரியில் அவருக்கு நீண்ட காய்ச்சலோ ஆறாத கட்டியோ வந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகளாகத் தோன்ற வேண்டும். கேட்காமல் விட்ட கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வைரசுப் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2004இல் அமெரிக்காவில் ஒரு கொடையாளியின் உறுப்புகளையும் நாடித் துண்டையும் பெற்ற நால்வர் விசர்நாய்க்கடி நோயில் இறந்தார்கள். அந்தக் கொடையாளியை வௌவால் கடித்திருந்தது என்பது பிறகுதான் வெளிவந்தது.

உறுப்பை விட்டு இழையத்துக்கு வந்தால் இலங்கைக்கு இன்னும் நெருங்கிய தொடர்பு உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் உலக நாடுகளுக்கெல்லாம் விழிவெண்படலம் அனுப்பிய ஒன்று. பிறகு எலும்பு, தோல், பனிக்குடச் சவ்வு போன்றவற்றைப் பதப்படுத்தும் இழைய வங்கியும் அதோடு சேர்ந்தது. குருதிக் குழாய் இல்லாத விழிவெண்படலத்தில் ஆபத்துக் குறைவு. எலும்பும் தசைநாணும் அப்படியல்ல. 2001 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 23 வயது இளைஞர் சில நாட்களில் இறந்தார். அவருக்கு வைத்தது இறந்தவர் ஒருவரின் மூட்டு எலும்பு. அதிலிருந்த குளொஸ்றிடியம் வகைப் பற்றீரியா அவரைக் கொன்றது. கொடையாளியின் சடலம் குளிரூட்டப்படாமல் 19 மணித்தியாலம் கிடந்திருக்கிறது. குடலில் வாழும் கிருமிகள் அந்த நேரத்துக்குள் உடல் முழுவதும் பரவிவிட்டன. விசாரித்தபோது இழையத்தோடு தொடர்புபட்ட 26 தொற்றுகள் வெளிவந்தன, அவற்றில் பாதி குளொஸ்றிடியத்தால் வந்தவை. ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கும் நமது வழமையால் இழையம் எடுக்கவே நேரமிருக்காது என்று குறைபடுவோர் உண்டு. இந்தச் சம்பவத்தைப் பார்த்தால் இறந்து சில மணித்தியாலத்துக்குள் காரியத்தை முடிப்பதே இழையத்துக்கும் நல்லது. 2021இல் நடந்தது இன்னொரு விதம். அமெரிக்காவில் ஒரே கொடையாளியின் எலும்பிலிருந்து செய்த முள்ளந்தண்டுக் கலவை 113 பேருக்கு வைக்கப்பட்டது. 87 பேரிடம் காசநோய்க்கான அடையாளம் கண்டார்கள். பதப்படுத்திய நிறுவனத்தின் சோதனைகளில் காசக் கிருமியைத் தேடும் சோதனை அன்று இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் இன்னொரு தொகுதியிலும் காசம் வந்தது.

இனி நமது கரையோரத்துக்கு வருவோம். கல்முனையிலிருந்து கண்டி ஏறத்தாழ 200 கிலோமீற்றர், கொழும்பு 300க்கும் மேல். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் முதல் சில மாதங்கள் அங்கே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியிருந்து பிறகு ஊருக்கு வருகிறார். அதற்குப் பின் ஒரு நாள் இரவு குளிர்காய்ச்சல் வந்தால் கொழும்புக்கு ஓட முடியாது. முதலில் பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரி, அங்கிருந்து அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை அல்லது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. அங்கே கடமையில் இருக்கும் இளம் வைத்தியரிடம் அவர் நீட்டுவது கிளினிக் கொப்பியை. பொலித்தீன் உறை போட்ட அப்பியாசக் கொப்பி. உள்ளே கிரியற்றினின் அளவுகள், டக்ரோ லெவல், இரத்த அழுத்தம், அடுத்து வரவேண்டிய திகதி, மூலையில் செருகிய ஆய்வுகூடத் துண்டுகள். பெறுநரைப் பற்றி ஏறக்குறைய எல்லாம் அதில் இருக்கும். கொடையாளியைப் பற்றி ஒரு வரி இருந்தால் ஆச்சரியம். கொடையாளியின் சிறுநீரில் என்ன வளர்ந்தது, குருதிக் கல்ச்சர் ஐந்தாம் நாள் என்ன சொன்னது, உறுப்பை வைத்திருந்த திரவத்தில் ஏதாவது இருந்ததா, அதற்கு என்ன மருந்து எத்தனை நாள் கொடுத்தார்கள், கொடையாளி வயல் வேலை செய்தவரா, வீட்டில் காசம் இருந்ததா என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பக்கம் இல்லாததால், காய்ச்சலோடு வந்தவருக்குக் கல்ச்சர் எடுப்பதற்கு முன்பே கண்டபடி மருந்து தொடங்கப்படுகிறது. கிருமி பாதி அடங்கி, பெயரும் தெரியாமல் போகிறது.

கொடையாளியின் இரகசியம் என்ற தடை இங்கே எழுப்பப்படலாம். பெயர், ஊர், குடும்பம் மறைக்கப்பட வேண்டியவைதான். கிருமியின் பெயரும் அது மசியும் மருந்தும் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இன்னொரு தடை கொஞ்சம் ஆழமானது. கொடையோடு நோயும் வரலாம் என்ற பேச்சு எழுந்தால், ஏற்கெனவே தயங்குகிற சமூகம் இன்னும் பின்வாங்கிவிடாதா? உறுப்பு மாற்றை இஸ்லாமிய பிக்ஹு அகடமி 1988இல் ஜித்தாவில் நிபந்தனைகளோடு அனுமதித்தது. மூளைச்சாவு பற்றி அதற்கு முன்பே 1986இல் அம்மானில் தீர்மானித்தது. அதனை ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள், அந்த விவாதம் தொடரட்டும். இங்கே தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் தொடங்கி கொவிட்டால் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் என்று விஞ்ஞானத்தின் பெயரால் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது, அதுவும் ஓட்டமாவடியில் ஒதுக்கிய ஓரிடத்தில். உடலையும் கிருமியையும் பற்றி அதிகாரத்தில் உள்ளவர் சொல்வதை இந்தக் கரையோர மக்கள் இரண்டு தடவை யோசித்தே கேட்பார்கள், அதில் பிழையும் இல்லை. அதற்காக உண்மையை மறைப்பது நம்பிக்கையைக் கூட்டாது. பெறுநரிடமும் குடும்பத்திடமும் 'இப்படி ஓர் ஆபத்து உண்டு, நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே, இன்ன பரிசோதனை செய்திருக்கிறோம், முடிவு இன்ன நாள் வரும்' என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் அந்த நம்பிக்கையைக் கட்டும். மறைப்பு முழு உருவம் எடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு விலைக்கு வாங்கிய சிறுநீரகங்கள் சாட்சி. வளைகுடாவிலிருந்து பம்பாய் போய்ச் சிறுநீரகம் வாங்கி வந்த 130 பேரைப் பற்றி 1990இல் லான்செற்றில் வெளிவந்த ஆய்வு, மரணம் மிக அதிகம், தொற்று அதற்குப் பெரிய காரணம், எச்.ஐ.வி.யும் சிலருக்குக் கடந்தது என்றது. தரகர் எந்த அறிக்கையையும் கொடுத்தனுப்புவதில்லை. இலங்கையும் இந்த வியாபாரக் குற்றச்சாட்டால்தான் 2016 ஜனவரியில் வெளிநாட்டினருக்கான சிறுநீரக மாற்றை நிறுத்தியது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. ஒவ்வொரு கொடைக்கும் பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். கல்ச்சர் வைத்த ஆய்வுகூடத்தை மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அவரே அழைத்துக் கேட்பார், முடிவை உறுப்புப் போன ஒவ்வொரு இடத்துக்கும் சொல்வார், அதையே பெறுநரின் கொப்பியில் ஒரு பக்கமாக எழுதி ஒட்டுவார். அங்கே ஓர் அலைபேசி இலக்கமும் இருக்கும். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு உபகரணமோ தேவையில்லை. ஆளணி இல்லை என்ற பதில் வரும். இருப்பவர்களின் வேலைப்பளுவும் எனக்குத் தெரியாததல்ல. ஒரு நாடி வெடித்த நோயாளிக்காக இரவோடிரவாக ஒரு சத்திரசிகிச்சைக் குழு முழுவதும் நிற்பதைவிட இரண்டு தொலைபேசி அழைப்புகள் ஆளணியை மிச்சப்படுத்தும் என்பதே அதற்குப் பதில்.

இந்தத் தகவல் ஒரு வழியாக மட்டும் ஓடினாலும் போதாது. 2021 முள்ளந்தண்டுச் சம்பவத்தில் டெலவேர் மாநிலத்து வைத்தியசாலை ஒன்று, தன்னிடம் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு ஒரே மாதிரி காசம் வருவதைக் கவனித்து மேலே அறிவித்தது. அதனால்தான் பதினெட்டு மாநிலங்களில் சிதறிக் கிடந்த மற்றவர்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. ஒரு மூளைச்சாவுக் கொடையாளியின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று நிந்தவூருக்கும் மற்றது குருநாகலுக்கும் போயிருந்தால், நிந்தவூர்க்காரருக்குக் கல்முனையில் மெலியோய்டோசிஸ் என்று கண்ட நுண்ணுயிரியல் நிபுணர் குருநாகலில் இருப்பவருக்கு எப்படி அறிவிப்பார்? இன்று அவர் தன் சொந்தத் தொடர்புகளைப் பிடித்துத்தான் செய்ய வேண்டும். உயிரோடிருக்கும் கொடையாளி என்றால் அவரும் இதில் சேர்கிறார். மகனிடம் காசம் கண்டால், சிறுநீரகம் கொடுத்த உம்மாவையும் கூப்பிட்டு நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொடையாளிகளை யாரும் ஒழுங்காகக் கூப்பிடுவதில்லை. வருடம் ஒரு தடவை இரத்த அழுத்தமும் கிரியற்றினினும் பார்க்கவென்று ஒரு கொப்பி அவர்களுக்கும் கொடுக்கப்பட்டால், இந்தச் செய்தி போவதற்கும் ஒரு முகவரி இருக்கும்.